விடை தெரிந்தவர் கேட்கும் வினா
ஆங்கிலக் கிரகித்தற் பந்தி பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

இலக்கிய வகைகளை எண்ணிச் சொல்லப் புகும் எமது விமர்சகர்கள் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை என விரல் மடித்துக்கொண்டு போவர். பிரயாண நூலும் நாட்குறிப்பும்கூட அக்கணக்கினுட் சேர்ந்துவிட்டன. ஆயின் இந்நாட்டில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான இளைஞர் பன்முறை ஊன்றிப் படிக்கின்ற ஓர் உரைநடை வகை எவருடைய கணக்கிலும் இடம்பெறவில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையின் ஆங்கில வினாத்தாளிலே வினாக்களுக்கு முன்னே அச்சிடப்படும் கிரகித்தற் பந்தியையே குறிப்பிடுகின்றேன். இதனை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு விமர்சிக்க முற்படுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நகைப்பவர்கள் ஆங்கில நூல்கள் அடுக்கியிருந்த வீடுகளிற் பிறந்தவர்களாயிருத்தல் கூடும். உருத்திரபுரத்திலே வளர்ந்த எமக்கு ஆங்கில உரைநடை என்பதே அந்தப் பந்திதான்.

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆங்கிலக் கல்வி வரலாற்றை எழுதுவோர், 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியைத் தவறாது குறிப்பிடுவர். எமது ஊருக்கு அத்தகைய தொடக்கம் எதுவுமில்லை. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் காடு வெட்டி வயலாக்கியவர்களின் ஊர் அது. வந்தவர்கள் மண்வெட்டியும் விதைநெல்லும் கொண்டுவந்தனர். ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்ததாக யான் கேள்விப்பட்டதில்லை. பின்னர் ஒருசில வீடுகளிற் சேர்ந்திருந்தவையும் 1996 இலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் நேர்ந்த இடப்பெயர்வுகளில் எங்கெங்கோ விடப்பட்டன. மீளக்குடியமர்ந்த ஆண்டுகளில் எழுத்துக் கற்ற எமது தலைமுறைக்குக் கிடைத்த ஆங்கில வாசிப்பு இரண்டே: அரசின் இலவசப் பாடநூல், கிளிநொச்சிக் கடைகளில் வாங்கிய கடந்தகால வினாத்தாட் தொகுப்பு. பாடநூலின் ஆயுள் அவ்வகுப்போடு முடியும். வினாத்தாட் தொகுப்போ அக்காவிடமிருந்து தம்பிக்கும் தம்பியிடமிருந்து அயல்வீட்டுக்கும் போய், பென்சில் விடைகளை அழித்தழித்துத் தாள் மெலிந்து, அட்டை கழன்ற பின்னும் வாழும். ஒரு நூல் இவ்வளவு கைமாறி வாசிக்கப்படுமாயின், அதனை இலக்கியம் அன்று எனத் தள்ளும் உரிமை விமர்சகனுக்கு இல்லை என்றே கருதுகின்றேன்.

இவ்வகையின் இயல்புகளைப் பார்ப்போம். கிரகித்தற் பந்திக்கு ஆசிரியர் இல்லை. பெரும்பாலும் தலைப்பும் இல்லை. அது நடுவிலே தொடங்கி நடுவிலே நின்றுவிடும். அதில் வரும் மாந்தர் நல்லவர்கள், அதிகாலையில் எழுபவர்கள், காணாமற்போன பணப்பையைக் கண்டெடுத்து உரியவரிடம் ஒப்படைப்பவர்கள். விலங்கானால் அது அருகிவரும் விலங்கு. மனிதரானால் வறுமையிலிருந்து விடாமுயற்சியால் உயர்ந்தவர். எண்களும் கிழமைகளும் நிறங்களும் வேண்டுமளவுக்கு மேலே தூவப்பட்டிருக்கும். ஒரு சிறுகதையில் நீல நிறப் பை ஒன்று வருமாயின் அந்நீலம் எதற்கோ வருகின்றது. கிரகித்தற் பந்தியிலும் அது எதற்கோதான் வருகின்றது: மூன்றாவது வினாவுக்கு. வினாவுக்காகவே உலகம் படைக்கப்பட்ட இலக்கிய வகை இது ஒன்றே எனலாம். 'கிரகித்தல்' என்ற சொல்லே பற்றிப் பிடித்தலைக் குறிப்பது. பாம்பு ஞாயிற்றைப் பிடிப்பதாகக் கருதிய காலத்துக் 'கிரகணம்' என்பதும் அதே அடியிற் பிறந்ததே. பிடிப்பவன் இருக்கின்றான், ஒளிதான் குறைகின்றது.

ஆசிரியர் பெயரை நீக்கிப் படிக்கக் கொடுத்தல் எமது பரீட்சகர்கள் கண்டுபிடித்த முறையன்று. கேம்பிரிட்ஜிலே ஐ. ஏ. ரிச்சட்ஸ் தம் மாணவர்க்குக் கவிதைகளைப் பெயரும் காலமும் நீக்கிக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்தவற்றை ஆராய்ந்து, 1929 இல் 'நடைமுறை விமர்சனம்' என்ற நூலை வெளியிட்டார். எமது பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகளில் இன்றும் அந்நூலின் செல்வாக்கு உண்டு. ஆயின் ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. ரிச்சட்ஸ் வினாக் கேட்கவில்லை. படித்ததைப் பற்றி எண்ணியதை எழுதுக என்றார். மாணவர்கள் எங்கே வழுக்கினர், ஏன் வழுக்கினர் என்பனவே அவருக்கு ஆய்வுப் பொருளாயின. எமது பந்தியிலோ பிழை என்பது பூச்சியம். அதற்குமேல் அதில் அறிவதற்கு எதுவுமில்லை.

வினாத்தாள் இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவதற்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதற்கு இரண்டு. அவற்றினுள் வரிசையாக எண்ணிட்ட பதினாறு தேர்வுகள். வாசிப்புத் தேர்வுகளில் வரும் வினாக்களை நான்கைந்து இனங்களுக்குள் அடக்கிவிடலாம். சரியான விடையின் கீழ்க் கோடிடுக. சரியா பிழையா எனக் கூறுக. இப்பொருள் தரும் சொல்லைப் பந்தியிலிருந்து எடுத்தெழுதுக. இரண்டாம் பந்தியில் வரும் 'அவர்கள்' என்னுஞ் சொல் யாரைக் குறிக்கின்றது. யார், எப்போது, எங்கே. ரியூசன் வகுப்பில் எமக்குக் கற்பிக்கப்பட்ட முறை பின்வருமாறு அமைந்தது. பந்தியை முதலிற் படிக்காதே. வினாவைப் படி. வினாவில் உள்ள பெரிய சொல்லைப் பிடி. அச்சொல் பந்தியில் எங்கே கிடக்கின்றதெனத் தேடு. அந்த வசனத்தை முழுவதாகத் தூக்கி எழுது. நேரம் மிஞ்சினால் பந்தியைப் படிக்கலாம். எமக்கு நேரம் மிஞ்சியதில்லை.

இம்முறை எத்துணைச் சிறப்பாகத் தொழிற்படும் என்பதற்குத் தமிழிலேயே ஓர் உதாரணம் அமைத்துக் காட்டுகின்றேன். 'குலவன் தொம்பியில் மூன்று சிவுக்குகளை நெமிந்தான். ஆயினும் அவை முழரவில்லை.' இனி வினாக்கள். குலவன் எத்தனை சிவுக்குகளை நெமிந்தான்? எங்கே நெமிந்தான்? 'அவை' என்பது எவற்றைக் குறிக்கின்றது? சிவுக்குகள் முழரின: சரியா, பிழையா? வாசகர் நான்கு வினாவுக்கும் இதற்குள் விடை கண்டிருப்பர், முழுப்புள்ளியும் பெற்றிருப்பர். சிவுக்கு என்பது மீனோ மரமோ என்பது எனக்கும் தெரியாது. தமிழிலக்கணம் கைவந்தவர்க்குத் தமிழில் இது விளையாட்டு. ஆங்கில இலக்கணத்தின் ஓரத்தை மட்டும் தொட்டிருந்த எமக்கு ஆங்கிலத்தில் இதுவே படிப்பாயிற்று. பதினோராம் ஆண்டு முழுவதும் நாங்கள் சிவுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார் என்பதை நாம் யாவரும் பாடசாலையில் மனனஞ் செய்துள்ளோம்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. அவற்றுள் முதலாவது, தான் விடையை அறிந்திருந்தும் மற்றவன் அறிவானோ என்றறியக் கேட்பது. ஆசிரியன் மாணவனிடம் கேட்பது. இரண்டாவது, தான் அறியாததை அறியும்பொருட்டுக் கேட்பது. மாணவன் ஆசிரியனிடம் கேட்பது. மூன்றாவது, இதுவோ அதுவோ என இரண்டுக்கு நடுவே நின்று கேட்பது. பரீட்சையில் வரும் வினாக்கள் அனைத்தும் முதலாவது இனத்தவை. இதில் வியப்பில்லை, பரீட்சகர் விடை அறியாது வினாக் கேட்பின் அது பரீட்சையாகாது. அதே நன்னூல் எண்வகை விடைகளையும் கூறுகின்றது. இங்கே வேண்டப்படுவன சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றே. 'அவர்கள்' என்பது யாரைக் குறிக்கின்றது என்பதற்குச் சுட்டிக் காட்டுதல். சரி பிழை என்பதற்கு நேர்தலும் மறுத்தலும். வினாவுக்கு வினாவையே விடையாகத் தருதலையும் இலக்கணகாரர் ஒரு விடையாக ஏற்றனர். பரீட்சை மண்டபத்தில் அவ்வாறு விடையிறுப்பவனின் கதி கூறவேண்டியதில்லை.

எனது குற்றச்சாட்டு பரீட்சையில் அறிவினா வருகின்றதென்பதன்று. அறிவினாவுக்கு விடை தேடும் பழக்கமே வாசிப்பு என எமக்குள் ஊன்றிவிட்டதென்பதே. எமது பழைய உரையாசிரியர்கள் வாசித்த முறையை இதனோடு ஒப்பிடலாம். இறையனார் களவியலுரையைப் பார்ப்போர்க்கு இது புலனாகும். ஒரு சூத்திரத்தைக் கூறிய பின், அறியாதவன் ஒருவன் எதிரே அமர்ந்து இடைமறிப்பதாகவே உரை செல்லும். அஃதென்னை என்பான், அதற்கு விடை வரும், அவ்வாறாயின் இது பொருந்தாதே என மீண்டும் தடுப்பான். அந்த வினாக்களைக் கேட்பவரும் உரையாசிரியரே. நூலுக்கு முன்னே தம்மை அறியாதவராக வைத்துக்கொள்ள அவர்கள் கற்றிருந்தனர். எமக்குக் கற்பிக்கப்படாதது அதுதான்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாம் ஆண்டில் இதனை யான் உணர்ந்தேன். ஆங்கிலத்தில் எனக்குக் கிடைத்திருந்தது திறமைச் சித்தி. உயர்தர வகுப்பில் பொது ஆங்கிலம் என ஒரு பாடம் இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிக் கணக்கில் அது சேராதாகையால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை, யானும் பொருட்படுத்தவில்லை. முதற் பருவத்தில் விரிவுரையாளர் ஒருவர் ஆங்கில நூலொன்றின் ஓர் அத்தியாயத்தைப் படித்து வருமாறு பணித்தார். இருபத்திரண்டு பக்கங்கள். நூலகத்தில் நான்கு மணித்தியாலம் இருந்தேன். அகராதியும் இருந்தது. பெயர்களையும் ஆண்டுகளையும் கோடிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் 'இது' என்பது எதனைக் குறிக்கின்றது என்று சரியாகவே கண்டுபிடித்தேன். மறுநாள் விரிவுரையாளர் கேட்டது ஒன்றே: 'இவர் யாருடன் வாதாடுகின்றார்?' வகுப்பில் எண்பது பேர் இருந்தோம்; ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அத்தியாயத்தில் ஒரு வாதம் இருந்ததென்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வினாக்கள் கடைசிப் பக்கத்திலே அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆகையால் எதனைத் தேடுவதென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இக்குறையைப் பேசுவோர் வழமையாகக் கூறும் பரிகாரம் ஒன்றுண்டு. பந்திகள் அந்நியமானவை, பனி, கோதுமை வயல், நிலக்கீழ்ப் புகையிரதம் என எமது பிள்ளைகள் காணாதவற்றைப் பேசுவன, எமது மண்ணைப் பற்றிய பந்திகளைத் தந்தால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வர் என்பர். தேசிய இலக்கியம் பற்றிய பழைய விவாதத்தின் எதிரொலி இதிற் கேட்கும். இக்கருத்துக்கு வலுவான ஆதாரமாகச் சுரேஷ் கனகராஜாவின் ஆய்வு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், 1990, 1991 ஆம் ஆண்டுக் காலத்தில், போர்ச் சூழலின் நடுவே, முதலாம் ஆண்டு மாணவர் இருபத்திருவர் கொண்ட வகுப்பொன்றைக் கூர்ந்து நோக்கி எழுதினார்; பின்னர் 1999 இல் வெளிவந்த அவரது நூலிலும் அது இடம்பெற்றது. அம்மாணவர் கைகளில் இருந்தது அமெரிக்க வாழ்க்கையைச் சித்திரிக்கும் பாடநூல். மாணவர்கள் அந்நூலின் ஓரங்களில் கீறியும் எழுதியும் வைத்திருந்தவற்றை அவர் தொகுத்துப் பார்த்தார். தமிழ்ச் சினிமாவும் காதலும் போராட்டமும் அவ்வோரங்களில் நிறைந்திருந்தன. அதே மாணவர்கள், பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தை நேரடியாகத் தாருங்கள் என்றும் வற்புறுத்தினர். இவ்விரண்டையும் மறைக்காது கூறியமை அவ்வாய்வின் நேர்மை.

பந்தி அந்நியமாயிருந்தமையால் மாணவர் ஓரத்துக்குப் போயினர் என்று கொள்வது எளிது. எனக்கு வேறொன்று தோன்றுகின்றது. விடை எழுதும் கோட்டிலே கேட்க முடியாததை அவர்கள் ஓரத்திலே கேட்டனர். இவள் யார், இவளுக்கு என்ன நேர்ந்தது, எமது ஊரில் இவள் இருந்தால் என்ன செய்வாள் என்பன அறியாவினாக்கள். பந்தி உள்ளூரினதாயிருந்தாலும் அவ்வினாக்களுக்கு விடைத்தாளில் இடமிராது. இது வெறும் ஊகமன்று. யானே செய்து பார்த்தது.

பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த ஒரு காலத்தில் ஊரிலே அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தேன். பத்தாம் ஆண்டு. கெட்டிக்காரி. அவளுக்காக இரணைமடுவைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதினேன்: 1902 இல் வேலை தொடங்கியமை, கனகராயன் ஆறு, வாய்க்கால்கள், நெல். கீழே ஐந்து வினாக்கள். ஐந்துக்கும் சரியான விடை எழுதினாள். கனகராயன் ஆற்றின் பெயரை ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் பிசகாமற் பார்த்தெழுதியிருந்தாள். 'இது எந்தக் குளம் சொல்லு பாப்பம்' என்றேன். சற்று நேரம் தாளைப் பார்த்தாள். 'அது கேள்வியில இல்லையே அக்கா' என்றாள். அவள் அமர்ந்திருந்த திண்ணையிலிருந்து பார்த்தால் அக்குளத்து நீர் ஓடும் வாய்க்கால் தெரியும். எமது மண்ணைப் பற்றிய பந்தி எமது பிள்ளைக்கு எவ்வளவு அந்நியமாயிருக்க இயலும் என்பதை அன்று கண்டேன். பனியை எடுத்துவிட்டு இரணைமடுவை வைப்பதால் வாசிப்பு மாறுவதில்லை. குளமும் ஒரு சிவுக்கு ஆகிவிடுகின்றது.

இன்னொரு நாள் நிகழ்ந்ததைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. பயிற்சித்தாள் ஒன்றில் ஒரு பந்தி. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தனியே புகையிரதத்தில் மலைநாட்டிலுள்ள பாட்டியிடம் போகின்றான். சட்டைப்பையில் ஒரு கடிதம். எதிரே இருந்த கிழவர் அவனுக்குத் தோடம்பழம் கொடுக்கின்றார். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, அவன் இறங்கிய நிலையம் எது, கிழவர் கொடுத்தது என்ன என்பன வினாக்கள். அவள் பந்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்து, 'ஏனக்கா தனியப் போறான்? தாய் தேப்பன் இல்லையோ?' என்றாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். 'அது கேக்கேல்லை. முதலாவது கேள்வியைப் பார்' என்றேன். அவள் பார்த்தாள். முழுப்புள்ளி எடுத்தாள். அப்பிள்ளை பேத்தியாருடன் வளர்பவள் என்பது எனக்குத் தெரியும். எமது ஊரில் அதற்கு விளக்கம் எவரும் கேட்பதில்லை. எனக்குக் கற்பிக்கப்பட்டதையே யானும் அவளுக்குக் கற்பித்தேன். அதுவும் எந்த இடத்தில் கற்பித்தேன் என்பது இரவு படுத்த பின்புதான் உறைத்தது.

எனினும் பரீட்சையைத் தூற்றிவிட்டுப் போதல் எளிது. அதனை யான் செய்ய விரும்பவில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதும் விடைத்தாள்களை நூற்றுக்கணக்கானோர் திருத்துகின்றனர். கொழும்பிலே ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளையையும் உருத்திரபுரத்துப் பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்கும்போது, உறுதியான ஒரே விடையுள்ள வினாவே எம்மைக் காக்கின்றது. 'உமது கருத்தைக் கூறுக' என்ற வினாவில் நடை வெல்லும்; நடை எவருடைய வீட்டில் கிடைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதற்கு உரிய இரண்டு புள்ளியை எவரும் எம்மிடமிருந்து தட்டிப்பறிக்க இயலாது. யான் இங்கு வந்து இதனை எழுதுவதும் அவ்வாறு சேர்த்த புள்ளிகளின் வலுவிலேதான்.

பெருந்தொகையினரைச் சமமாக அளக்க வேண்டிய நெருக்கடி எமக்கு மட்டும் உரியதன்று. சீனாவிலே ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நின்ற அரசாங்கப் பரீட்சை முறை 1905 இல் ஒழிக்கப்பட்டது. கலாசாரப் புரட்சியில் நின்றுபோன பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சை 1977 இல் மீண்டபோது ஏறத்தாழ 57 இலட்சம் பேர் தோற்றினர்; இடம் கிடைத்தோர் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. 2024 இல் அதற்குப் பதிவு செய்தோர் 1 கோடி 34 இலட்சம். ஆங்கிலத்துக்கு 150 புள்ளி; அதிற் கணிசமான பகுதி வாசிப்புக்கு உரியது. அங்கும் வினாவை முதலிற் பார், சொல்லைத் தேடு என்னும் உத்திகள் பயிற்சி நூல்களில் மலிந்துள்ளன. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரியும் வினாக்களே அங்கும் முதன்மை பெறுகின்றன. ஆயினும் எழுத்தாளரின் நோக்கம் யாது, இதற்குப் பொருந்தும் தலைப்பு யாது என்பனவும் இடைக்கிடை கேட்கப்படும். இன்னொரு பகுதி என் கவனத்தை ஈர்த்தது. ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வசனங்களை எடுத்துவிட்டு, ஏழு வசனங்களைக் கீழே கொடுத்து, உரியவற்றை உரிய இடத்தில் வைக்குமாறு கேட்பர். இரண்டு வசனம் வீணே மிஞ்சும். இதற்கும் ஒரே விடைதான், பொறியே திருத்தலாம், எவருக்கும் அநீதி நேராது. ஆயின் முன் வசனத்துக்கும் பின் வசனத்துக்கும் இடையே என்ன நிகழ்கின்றது என்று எண்ணாதவன் அதனை நிரப்புவது கடினம். சிவுக்கு உத்தி அங்கே பெரிதும் உதவாது. ஆகவே சமத்துவத்துக்காக விளக்கத்தைப் பலியிட வேண்டும் என்னும் வாதம் முழுவதும் உண்மையன்று. அவ்வாறான ஒரு பகுதியையேனும் எமது வினாத்தாளிற் சேர்ப்பது பற்றி அறிந்தவர்கள் ஆலோசித்தல் தகும்.

சீனாவைப் பற்றிப் பேசுகையில் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. ரிச்சட்ஸின் மாணவரான வில்லியம் எம்ப்சன், ஒரு சொற்றொடர் ஒரே வேளையில் இரு பொருள் தருதலைக் குறையாகவன்றிச் செல்வமாகக் கொண்டு, 1930 இல் பொருள் மயக்கத்தின் ஏழு வகைகளைப் பற்றி நூல் எழுதியவர். நன்னூலாரின் ஐயவினாவை ஒரு வாசிப்பு முறையாகவே ஆக்கியவர் எனலாம். 1937 இல் அவர் பீக்கிங்கிற் கற்பிக்கச் சென்றபோது யப்பானியப் படையெடுப்பு நிகழ்ந்தது. பல்கலைக்கழகங்கள் தெற்கே இடம்பெயர்ந்தன. கலைப்பீடம் நன்யூவே மலையில் ஒதுங்கியது. நூல்கள் பின்னே விடப்பட்டிருந்தன. எம்ப்சன் தமக்கு மனப்பாடமாயிருந்த ஆங்கிலக் கவிதைகளைத் தட்டச்சிட்டுக் கொடுத்து, அவற்றைக் கொண்டே வகுப்பு நடத்தினார். மரத்தடியில் வகுப்பிருந்த அனுபவம் வன்னியில் எமக்கு முந்திய தலைமுறைக்கும் உண்டு. ஆதலின் நூல் இல்லாமை மட்டும் எமது வாசிப்பைக் கெடுத்தது எனச் சொல்வதற்கு எனக்கு இப்போது கூச்சமாயிருக்கின்றது. கடந்தகால வினாத்தாட் தொகுப்பில் இருந்தவையும் ஆங்கில வசனங்களே. அவற்றை வேறு விதமாகப் படிக்கலாம் என்று எமக்கு எவரும் சொல்லவில்லை, எமக்கும் தோன்றவில்லை.

கடந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பிள்ளை பதினோராம் ஆண்டு. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருந்தது. உத்திகளைக் கைவிடுமாறு அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அது அவளது புள்ளியோடு விளையாடுவதாகும். வினாவை முதலிற் பார் என்றே மீண்டும் சொன்னேன். ஒன்றை மட்டும் சேர்த்தேன். எல்லா வினாவுக்கும் விடை எழுதி முடித்த பின், தாளின் ஓரத்தில், அச்சிட்டவர் கேட்காத வினா ஒன்றை அவள் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் முடியாவிட்டால் தமிழில். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. அச்சிலிருந்த வினாக்களையே சொல் மாற்றி எழுதினாள். அவளைக் குறைகூற முடியாது. பின்னர் ஒரு நாள் பழைய தாள்களைக் கிளறி, அந்தப் புகையிரதச் சிறுவனின் பந்தியை அவளே எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். ஓரத்தில் பென்சிலால், பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக எழுதித் தந்தாள்: சட்டைப்பைக்குள் இருந்த கடிதத்தை யார் எழுதினது, அதைப் பாட்டி வாசிக்கும்போது அவன் பக்கத்தில் நின்றானா?

அந்தக் கடிதத்தை யானும் பலமுறை படித்துக் கடந்திருக்கின்றேன். அது பந்தியின் இரண்டாம் வசனத்திலேயே இருக்கின்றது. அதில் வினா எதுவும் வராதாகையால் யான் அதற்குக் கோடிட்டதில்லை.